கடல் பக்கத்துப் பள்ளம்

யுத்தம் முடிந்த மறுவருடம் கல்முனைக் கரையோரத்து அந்த ஊருக்குக் குப்பைச் சட்டம் வந்தது. முச்சக்கரவண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகக் கத்திக்கொண்டு போனார்கள். வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரிக்க வேண்டும். உக்குவது பச்சை வாளிக்குள், பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் செம்மஞ்சள் வாளிக்குள், கண்ணாடியும் தகரமும் சிவப்பு வாளிக்குள். ஒவ்வொன்றையும் எடுக்க ஒவ்வொரு நாள் பின்னால் பெட்டி பூட்டிய உழவு மெசின் வரும். கலந்து வைத்தால் எடுக்கமாட்டார்கள். நாறட்டும் என்று கேற்றடியிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். பிரித்துக் கொடுத்தால் உக்குவது பசளையாகும், பிளாஸ்டிக் எங்கேயோ ஒரு தொழிற்சாலைக்குப் போய்க் கதிரையாகத் திரும்பி வரும். வெளிநாட்டுக்காரர் கொடுத்த வாளிகளை வாங்கும்போது சனம் எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. வாளி நல்ல வாளி. முதல் வாரமே பாதி வீடுகளில் பச்சை வாளிக்குள் அரிசியும் சிவப்பு வாளிக்குள் குளிக்கிற தண்ணீரும் ஏறிவிட்டன.

ஹாஜறாவின் வீட்டில் அப்படி நடக்கவில்லை. அவளுக்கு அழுக்கு என்றாலே உடம்பு கூசும். மீன் வெட்டிய கையைத் தேசிக்காய் தேய்த்துக் கழுவி, மணந்து பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பவும் கழுவுகிறவள். சுனாமி வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்த நாள் தொடக்கம் அடுத்த வீட்டுக் கோழி எச்சத்தோடும் எதிர்வீட்டுக் கழிவுநீரோடும் அவள் செய்துவந்த சண்டைக்கு அரசாங்கமே பக்கபலமாக வந்துவிட்டது மாதிரி இருந்தது. மாதர் சங்கத்தில் ஒழுங்கைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று கேட்டபோது மற்றவர்கள் திரும்பி அவளைத்தான் பார்த்தார்கள். மறுக்க அவளுக்கும் மனமில்லை.

அன்றிலிருந்து ஒழுங்கைக்கு நிம்மதி போயிற்று. மெசின் வருகிற காலைகளில் ஹாஜறா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் ஒரு தடியோடு கேற்றுக் கேற்றாகப் போவாள். தடியால் பையைக் கிளறுவாள். பெரும்பாலும் அகப்படுகிறவள் நான்காம் வீட்டு அஸீஸாதான். பிள்ளையின் பம்பர்ஸுக்குள் மீன் குடலைச் சுற்றி, அதற்கு மேல் முட்டைக்கோதைக் கொட்டி, எல்லாவற்றையும் ஒரே சொப்பிங் பைக்குள் திணித்துக் கட்டிவைத்திருப்பாள். அவிழ்த்தால் ஒழுங்கை முழுக்க நாறும்.

"குப்பைக்குமா ராத்தா சோதினை வைக்கிறீங்க?" என்பாள் அஸீஸா.

"குப்பைக்குத்தான்கா சோதினை. கைய உட்டு எடு. குடலைப் பச்சைக்குள்ள போடு."

அஸீஸா கண்ணைப் பாதி மூடிக்கொண்டு எடுப்பாள். ஹாஜறா பக்கத்தில் நின்று, எடுத்து முடியும்வரை பார்ப்பாள். ஹாஜறாவுடைய வீட்டுப் பால்மாப் பக்கட்டுகளை யாரும் பார்க்க வேண்டும். வெட்டி விரித்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, கொடியில் காயவைத்து, மடித்து, றப்பர் வளையம் போட்டு வைப்பாள். கழுவச் சொல்லிச் சட்டத்தில் இல்லை. அழுக்கை அப்படியே அடுத்தவன் கையில் கொடுக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் சட்டம் திக்குமுக்காடியது. தலை வாரினால் கழிகிற முடியையும் வெட்டுகிற நகத்தையும் எந்த வாளிக்குள் போடுவது என்று பெண்கள் கேட்டார்கள். கூட்டத்துக்கு வந்த உத்தியோகத்தர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதைப் பற்றி ஒன்றும் இல்லையே என்றார். முடியும் நகமும் மனிதனுடைய உடம்பு. அதைக் குப்பையில் போடுகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. வழமைபோலத் தென்னைமரத்தடியில் புதைத்துக்கொள்கிறோம் என்று பெண்களே தீர்ப்புச் சொல்லி எழுந்துபோனார்கள்.

ஹாஜறாவின் கணவர் முகைதீன்பாவா பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரு மரைக்கார். கல்முனைச் சந்தைக்குள் புடைவைக்கடை வைத்திருந்தார். மனைவி தடியோடு திரிவதைக் கண்டு ஒரு வீட்டுக்குள் இரண்டு மரைக்காரா என்று கடையில் பகிடி பண்ணினார்கள். அவரும் சிரித்தார். ஆனால் மனைவி பால்மாப் பக்கட்டைக் கழுவும்போது மட்டும் அவர் அந்தப் பக்கம் பார்க்கமாட்டார். அது ஆம்பிளைக் கூச்சம் என்று ஹாஜறா நினைத்திருந்தாள்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை. பெயர் நஸ்லியா. கடல் வந்த காலையில் அவளுக்கு ஆறு வயது. ஹாஜறா காலில் கம்பி கிழித்து ஆசுபத்திரித் தரையில் நினைவில்லாமல் கிடந்தாள். முகைதீன்பாவாதான் பிள்ளையைத் தேடி எடுத்து, அன்று ஊர் ஊராக எல்லோரும் அடக்கியதுபோல, மையவாடியில் பெக்கோ மெசின் வெட்டிய நீளக் குழிக்குள் தன் கையாலேயே இறக்கினார். தனித்தனிக் கபுறு இல்லை, தலைமாட்டில் மீசான் கல் நட இடமும் இல்லை. அந்த ஊரில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை, போகக் கூடாது. ஆகவே பிள்ளை கிடக்கிற மண்ணை ஹாஜறா ஒருநாளும் பார்க்கவில்லை. கடல் பக்கமாக, வெள்ளை மணலில், நல்ல இடம் என்று அவர் சொன்னதை அவள் வைத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆண்கள் மையவாடிக்குப் போய் இறந்தவர்களுக்கு சலாம் சொல்லி சியாரம் செய்துவிட்டுத்தான் வருவார்கள். முகைதீன்பாவா சோற்றுக்கு உட்காரும்போது அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

"புள்ளைக்கு சலாம் சொன்னீங்களா?"

"ஓம்."

அந்த ஓம் அவளுக்கு அடுத்த வெள்ளி வரைக்கும் போதும்.

பக்கத்துத் தமிழூரான பாண்டிருப்புச் சுந்தரம்மா கடற்கரையாலேயே நடந்து வந்து மீன் விற்கிறவள். யுத்த காலத்தில் ஊருக்கு ஊர் வாய் பேசாமல் கிடந்த நாட்களிலும் வந்துபோனவள். கடகத்தை இறக்கி வைத்துவிட்டுக் கதைக்காமல் எழும்பமாட்டாள். அன்றைக்குக் கும்பிளா கொண்டுவந்திருந்தாள். வெட்டிக் கொடுத்துவிட்டு, செதிளையும் குடலையும் பக்கத்திலிருந்த செம்மஞ்சள் வாளிக்குள் வழித்துப் போடப் போனாள்.

"அதுக்குள்ள இல்லக்கா, பச்சைக்குள்ள," என்று ஹாஜறா வாளியை நகர்த்திக் கொடுத்தாள்.

சுந்தரம்மா சிரித்தாள். "என்னத்துக்குப் புள்ள இப்பிடிப் பிரிச்சிப் பிரிச்சிச் சாகிறீங்க? எல்லாத்தையும் ஒரே பள்ளத்துலதானே கொட்டுறானுகள்."

"எந்தப் பள்ளத்துல?"

"உங்கட மையவாடிக்குள்ள, கடல் பக்கத்துப் பள்ளத்துல. நான் கரையால வரக்குள்ள நாத்தம் தாங்கேலாம மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் அந்த இடத்தத் தாண்டுறன். மூணு மாசமாக் கொட்டுறானுகள்." ஹாஜறாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுடைய குரல் இறங்கியது. "உனக்குத் தெரியாதா புள்ள? உங்கட ஆம்பிளையள் வெள்ளிக்கு வெள்ளி அங்கதானே நிக்கிறாங்க."

ஹாஜறா கையைக் கழுவினாள். மணந்து பார்க்கவில்லை. ஹபாயாவை எடுத்துப் போட்டுக்கொண்டு, "என்னக் கூட்டிக்கிட்டுப் போங்க," என்றாள். சுந்தரம்மா மீன் கடகத்தை வாழையிலையால் மூடி வீட்டுக்குள் வைத்துவிட்டு முன்னால் நடந்தாள்.

மையவாடியின் கடல் பக்கத்து வேலி விழுந்து கிடந்தது. வேலியைத் தாண்டுவதற்கு முன்பே நாற்றம் வந்து முகத்தில் அறைந்தது. அழுகிய மரக்கறி, கோழிக்கடைக் கழிவு, மூத்திரம், எரிந்தும் எரியாமலும் புகைகிற பொலித்தீன். ஒரு நாய் கோழிக்குடலை இழுத்துக்கொண்டு ஓடியது. காகங்கள் எழும்பி, ஆள் ஒன்றும் பெரிதில்லை என்று கண்டு திரும்ப அமர்ந்தன. பம்பர்ஸ் வெயிலில் வெடித்து வெள்ளை வெள்ளையாகப் பிதுங்கியிருந்தது. ஈ மொய்க்கிற சத்தம் கடல் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது. உக்குவது, உக்காதது, உடைந்தது, துருப்பிடித்தது என்று அந்த ஊர்ப் பெண்கள் கை நாற நாறப் பிரித்த அத்தனையும் ஒன்றாகப் புரண்டு கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாள் வைத்த காரணம் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரே நாளில் எடுத்தால் ஒரே பெட்டிக்குள் போடுவதைப் பெண்கள் கண்டுவிடுவார்களே.

றப்பர் வளையம் போட்ட பால்மாப் பக்கட்டுக் கட்டு ஒன்று அவளுடைய காலடியில் கிடந்தது. அதற்கு மேல் பழுப்பு நிறத்தில் ஏதோ வடிந்து காய்ந்திருந்தது.

"ஏனக்கா இந்த இடம் மட்டும் பள்ளம்?" என்று கேட்டாள்.

சுந்தரம்மா மெதுவாகச் சொன்னாள். "அண்டைக்குக் கிண்டி அடக்கின இடம் புள்ள. கன பேர ஒண்டா அடக்கினா மண் பிறகு தாழும். எங்கட பக்கத்துலயும் தாழ்ந்தது. நாங்க கடல் மண்ண அள்ளிப் போட்டு நிரப்பினம்."

ஹாஜறா அந்த இடத்திலேயே குனிந்து சத்தி எடுத்தாள். வயிற்றில் இருந்தது முழுக்க வந்த பிறகும் நிற்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டபோது, தான் சத்தி எடுத்ததும் பிள்ளைக்கு மேலேதான் என்று தோன்றியது. அவள் ஹபாயாவின் ஓரத்தால் அந்த மணலை வழித்து அள்ளிக் கையில் எடுத்துக்கொண்டாள். எங்கே போடுவது என்று தெரியவில்லை. வீடு வரைக்கும் அதைக் கையிலேயே கொண்டுபோனாள்.

முகைதீன்பாவா லுஹர் தொழுதுவிட்டுச் சாப்பிட வந்தார். அவள் சோற்றைப் போட்டுக் கும்பிளாக் குழம்பையும் ஊற்றினாள். அவர் முதல் பிடியை எடுத்ததும் கேட்டாள்.

"போன வெள்ளி புள்ளைக்கு எங்க நிண்டு சலாம் சொன்னீங்க?"

எடுத்த பிடியை அவர் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"மையவாடி வாசல்ல நிண்டு."

"ஏன், கிட்டப் போகல்ல? நாறினதா?"

யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. அதுவாவது ஒரு நேர்மை என்று சொல்ல வேண்டும். சோற்றைப் பிசைந்துகொண்டே நியாயத்தைச் சொல்லத் தொடங்கினார். மாரிக்கு அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்றது. நிரப்பாவிட்டால் கபுறுகளெல்லாம் கடலோடு போயிருக்கும். கிறவல் மண் விலைக்கு வாங்கிக் கட்டாது. குப்பை எடுக்கிற சபைக்கு அதைக் கொட்ட இடமில்லை. கொட்டிய இடத்தில் சனம் துரத்திவிட்டது. பெரிய மரைக்கார் கச்சிமுகம்மதுதான் வழி சொன்னார். கொஞ்சம் கொட்டி, மேலே கிறவல் போட்டு மூடி, சுற்றிவர மதில் கட்டலாம் என்றார்கள். முதலில் தென்னோலையும் மட்டையும்தான் என்றார்கள். பிறகு இப்படியாகிவிட்டது.

"நீங்களும் ஓம் எண்டீங்களா?"

"எல்லாரும் ஓம் எண்டாங்க."

"நான் எல்லாரயும் கேக்கல்ல. எல்லாரும் அவளத் தூக்கிக்கொண்டு போகல்ல. நீங்கதான் தூக்கிக்கொண்டு போனீங்க. அந்தப் பள்ளம் ஏன் பள்ளம் எண்டு உங்களுக்குத் தெரியும்."

அவர் தட்டைத் தள்ளிவிட்டார். "பொம்பிளையளுக்குத் தெரிஞ்சா அழுது கூப்பாடு போடுவீங்க எண்டுதான் சொல்லல்ல."

"வெட்டின நகத்தக் குப்பையில போடாத ஊரு இது," என்றாள் ஹாஜறா. "நகத்துக்கு இருக்கிற மரியாத என்ட புள்ளைக்கு இல்லாமப் போய்ட்டு."

அவரைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வெள்ளை சேட்டு, அத்தர் மணம், கத்தரித்த தாடி. இத்தனை வருடமாகத் தோய்த்து மடித்து வைத்ததெல்லாம் இந்த உடம்புக்குத்தானா என்றிருந்தது. அன்றைக்கு அவருடைய தட்டை அவள் கழுவவில்லை.

அசர் தொழுகைக்குப் பிறகு வீடு வீடாகப் போனாள், தடியில்லாமல். அழவில்லை, கூப்பாடும் போடவில்லை. கண்டதை மட்டும் சொன்னாள். அஸீஸாவின் உம்மாவும் அதே பள்ளத்துக்குள்தான். ஒழுங்கையில் அந்தப் பள்ளத்துக்குள் ஆளில்லாத வீடு என்று ஒன்று இருக்கவில்லை. அஸீஸா கேட்டுவிட்டுத் தன் கைகளையே பார்த்தாள். "என்ட புள்ளைட பம்பர்ஸ்," என்றாள்.

மறுநாள் பச்சை வாளியின் நாள். ஒழுங்கையில் ஒரு வாளியும் வெளியே வைக்கப்படவில்லை. வேறு தெருக்களில் பாதி நிரப்பிக்கொண்டு மெசின் மையவாடி வாசலுக்குள் திரும்பியபோது, ஒழுங்கைப் பெண்கள் மண்வெட்டியும் தாச்சியும் கடகமுமாக அதற்குப் பின்னால் உள்ளே நுழைந்தார்கள். மீசான்களுக்கு நடுவே கால் படாமல் பார்த்துப் பார்த்து நடந்து, பள்ளத்தடியில் போய் நின்றார்கள். சாரதி பெட்டியை உயர்த்தப் பயந்து இறங்கி ஓடினான். கொஞ்ச நேரத்தில் அவனோடு ஆண்கள் வந்தார்கள். முன்னால் கச்சிமுகம்மது, தொப்பியைச் சரிசெய்துகொண்டே. பின்னால் முகைதீன்பாவா.

"இதென்ன வேல?" என்றார் கச்சிமுகம்மது. "பொம்பிளையள் மையவாடிக்குள்ள வரக்கூடா எண்டு தெரியாதா? இது மார்க்கத்துல இல்லாத காரியம். வெளிய போங்க எல்லாரும்."

ஹாஜறா அவரிடம் பேசவில்லை. தன் கணவரைத்தான் பார்த்தாள்.

"இது மையவாடி எண்டா நாங்க வரக்கூடா. உண்மதான், இப்பவே போறம். குப்பைமேடு எண்டா எங்கள மறிக்க ஒருத்தருக்கும் ஏலா. எங்கட ஊட்டுக் குப்பதான் கிடக்கு. எது எண்டு நீங்க சொல்லுங்க."

கச்சிமுகம்மது முகைதீன்பாவாவைத் திரும்பிப் பார்த்தார், ஏதாவது சொல்லிச் சமாளி என்கிற மாதிரி. ஈக்கள் அவருடைய வெள்ளைச் சால்வையில் வந்து குந்தின. எவ்வளவு வீசியும் போகவில்லை.

"மையவாடிதான்," என்றார் முகைதீன்பாவா. அவருடைய குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"அப்ப நாங்க வெளிய நிக்கிறம். நீங்க அள்ளுங்க."

மண்வெட்டியையும் தாச்சிகளையும் கீழே வைத்துவிட்டுப் பெண்கள் வாசலுக்கு வெளியே போய், வேலியோரம் வரிசையாக நின்றார்கள். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிலர் கடையைத் திறக்க வேண்டும் என்று நழுவப் பார்த்தார்கள். வாசலில் அவரவர் மனைவி நின்றதால் முடியவில்லை. முதலில் குனிந்தது முகைதீன்பாவாதான். மண்வெட்டியை மண்ணுக்குள் போட அவருக்குக் கை வரவில்லை. கீழே கிடக்கிறவர்கள் எவ்வளவு ஆழத்தில் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே கையால் அள்ளினார். மற்றவர்களும் கையாலேயே அள்ள வேண்டியதாயிற்று. ஓங்காளிக்கிற சத்தம் வாசல்வரை கேட்டது. பெண்களில் ஒருத்திக்கும் இரக்கம் வரவில்லை.

பெட்டி நிறைந்ததும் அடுத்த பிரச்சினை வந்தது. இதைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது? கச்சிமுகம்மதுவுக்கு அதற்கும் வழி தெரிந்திருந்தது. "பாண்டிருப்புப் பக்கம் கரை சும்மாதானே கிடக்கு," என்றார்.

மையவாடி வாசலில் நின்ற ஹாஜறா அதைக் கேட்டாள். அந்த மனிதரின் முகத்தில் துப்ப வேண்டும் என்று வந்த எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.

"அங்கயும் ஆக்கள அடக்கித்தான் கிடக்கு," என்றாள். "என்ட வளவுல கொண்டுவந்து கொட்டுங்க."

"உனக்கென்ன பைத்தியமா?" என்றார் முகைதீன்பாவா உள்ளே இருந்தபடி.

"இடம் கிடைக்கும் வரைக்கும் என்ட வளவுல கிடக்கட்டும். புள்ளைட நெஞ்சுக்கு மேல கிடந்தது என்ட வாசல்ல கிடந்தாப் பறவால்ல."

"அடுத்த பெட்டி எனக்கு," என்றாள் அஸீஸா.

மெசின் வீட்டுத்திட்டத்துக்குள் திரும்பியபோது நாய்களும் காகங்களும் கூடவே வந்தன. கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்திருந்த முற்றத்தில் பெட்டி உயர்ந்தது. மூன்று மாதக் குப்பை சளசளவென்று சரிந்து, கிணற்றடி வரைக்கும் பரந்தது. கறுத்த தண்ணீர் அதற்கடியிலிருந்து ஒழுகி வாசற்படியைத் தொட்டது. அக்கம்பக்கத்து யன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. ஹாஜறாவின் உடம்பு முழுக்கக் கூசியது. ஆனாலும் கையுறையில்லாத கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, முதலில் அகப்பட்டதை இழுத்து எடுத்தாள். வெடித்த பம்பர்ஸ். அதை ஒரு பக்கம் வைத்தாள். அடுத்தது ஒரு போத்தல். அதை வேறு பக்கம் வைத்தாள்.

முகைதீன்பாவா மெசினுக்குப் பின்னால் நடந்து வந்து கேற்றடியில் நின்றார். சேட்டு முழுக்க ஊத்தை. உள்ளே வரக் கால் எழும்பாமல், சால்வையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

ஹாஜறா நிமிர்ந்து பார்த்தாள்.

"கைய எடுங்க," என்றாள். "மூணு மாசம் அவ இதுக்குக் கீழதான் கிடந்தவ."

அவர் சால்வையை இறக்கினார். உள்ளே வந்து, அவளுக்கு எதிரே குந்தி, எதை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டார்.